பேட்மிண்டன் சொற்கள்: அடிக்கும் இடமும் எதிராளிக்குக் கிடைக்கும் நேரமும்

பேட்மிண்டன் போட்டியின் வர்ணனையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் ஒருவரை முதலில் குழப்புபவை, ஒரே அடியைக் குறிப்பதுபோலத் தோன்றும் இரட்டைப் பெயர்கள்தாம். ஷட்டில் உயர எழும்பி எதிராளியின் பின்கோட்டருகே போய் விழுகிறது. வர்ணனையாளர் ஒரு முறை அதைக் கிளியர் என்கிறார், அடுத்த முறை லிஃப்ட் என்கிறார். ஷட்டில் மெல்ல வலையைத் தாண்டி உடனே கீழே இறங்குகிறது. அது ஒரு நேரம் டிராப், இன்னொரு நேரம் நெட் ஷாட். மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடித்தால் ஸ்மாஷ். அதையே வலையோரத்தில் செய்தால் கில். ஷட்டில் செல்லும் பாதையை மட்டும் பார்த்துப் பெயரைப் பிடிக்க முயல்பவருக்கு இந்த வேறுபாடுகள் விளங்குவதில்லை. அந்தப் பாதையோடு, அடி எந்த இடத்திலிருந்து எந்த உயரத்தில் அடிக்கப்பட்டது, அதனால் எதிராளிக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கவனித்தால் பேட்மிண்டனின் சொற்கள் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, இந்த இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பதே கற்பவருக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஷட்டிலின் இயல்பு. நம் ஊர்த் திடல்களில் பலரும் காக் என்று சொல்லும் இந்தப் பொருள் 4.74 முதல் 5.50 கிராம் வரை எடை கொண்டது. தக்கையாலான அதன் தலையில் 16 இறகுகள் வட்டமாகச் செருகப்பட்டிருக்கும். விரிந்து நிற்கும் அந்த இறகுகள் காற்றை வெகுவாகத் தடுப்பதால், வேறெந்த மட்டை ஆட்டத்திலும் காண முடியாத ஒரு வேக வீழ்ச்சி இங்கே நிகழ்கிறது. 2023ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. வேகத்தைத் தொட்டுக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அது மட்டையை விட்டுப் புறப்படும் கணத்தில் அளந்த வேகம். எதிர்ப் பக்கத்து ஆட்டக்காரரை எட்டுவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். உயரத்திலிருந்து தானாக விழும் ஷட்டிலோ நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டருக்கு மேல் வேகமெடுக்காது. ஆகவே ஓங்கி அடித்த ஷட்டிலையும் எடுக்க வழி இருக்கிறது. உயர அனுப்பிய ஷட்டில் வளைந்து சென்று, கடைசியில் ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்குகிறது. கிளியரும் லிஃப்டும் பின்கோட்டின் மேலேயே விழும்படி அடிக்க முடிவது இந்தச் செங்குத்தான இறக்கத்தால்தான்.

ஷட்டில் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் 76, 77, 78 போன்ற எண்களும் இந்த இயல்போடு தொடர்புடையவை. எண் கூடக் கூட ஷட்டில் அதிக தூரம் செல்லும். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. அது ஷட்டிலைக் குறைவாகவே தடுக்கும். அதனால் வெயில் கொளுத்தும் ஊர்களில் மெதுவான எண்ணையும் குளிர்ந்த ஊர்களில் வேகமான எண்ணையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சரியான ஷட்டிலா என்று சோதிக்க விதியே ஒரு முறை சொல்கிறது: பின்கோட்டின் மேலிருந்து, கையைத் தாழ்த்தி மேல்நோக்கி, முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும், அது எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் வரை உள்ளே விழுந்தால் அந்த ஷட்டில் அந்த அரங்குக்குப் பொருத்தமானது. போட்டிக்கு முன் இறுதிக் கோட்டருகே இரட்டையர் ஆட்டத்தின் சர்வ் எல்லைக்குச் சற்று முன்னும் பின்னும் காணப்படும் சிறு குறிகள் இந்தச் சோதனைக்காகவே இடப்பட்டவை.

ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர். அகலம் இரட்டையருக்கு 6.10 மீட்டர், ஒற்றையருக்கு 5.18 மீட்டர். இரு பக்கமும் விட்டுப்போகும் 46 சென்டிமீட்டர் பட்டையைப் பக்கச்சந்து என்று சொல்லலாம். ஒற்றையர் ஆட்டத்தில் அது களத்துக்கு வெளியே. வலை நடுவில் 1.524 மீட்டர், கம்பத்தருகே 1.55 மீட்டர் உயரம் இருக்கும். வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள கோடு ஷார்ட் சர்வீஸ் கோடு. பின்கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் முன்னால் உள்ள கோடு இரட்டையருக்கான லாங் சர்வீஸ் கோடு. கோடுகள் எல்லாம் களத்தின் பகுதியே. ஷட்டிலின் தலை கோட்டைத் தொட்டாலும் அது உள்ளேதான்.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவது சர்வ் கட்டத்தின் வடிவத்தில். ஒற்றையரில் அது குறுகியது, நீளமானது. இரட்டையரில் அகலமானது, குட்டையானது. களத்தில் ஆட்கள் கூடும்போது இடமும் கூட வேண்டாமா என்ற கேள்வி எழலாம். இரட்டையரில் ஒவ்வொரு பக்கமும் இருவர் இருப்பதால் சர்வ் செய்பவருக்குப் பின்பக்கத்தில் முழு நீளமும் கொடுத்தால், உயரமான சர்வ் அடித்துவிட்டுத் தற்காப்புக்கு நிதானமாகப் பரவி நின்றுகொள்ள சர்வ் செய்த இணைக்குப் போதிய நேரம் கிடைத்துவிடும். பின்னாலிருந்து 76 சென்டிமீட்டரை வெட்டிவிட்டதால், உயர சர்வ் ஸ்மாஷுக்கு எளிதான இரையாகிறது. ஆகவே இரட்டையர் ஆட்டம் தாழ்வான சர்விலிருந்தே தொடங்குகிறது. சர்வ் திருப்பப்பட்டதும் இந்த வெட்டு நீங்கி, முழுக் களமும் இரு பக்கத்துக்கும் திறந்துவிடுகிறது.

அந்தத் தாழ்வான சர்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சர்வ் செய்பவர் ஷார்ட் சர்வீஸ் கோட்டை ஒட்டி நின்று, பேக்ஹேண்ட் (புறங்கை) பிடியில் மட்டையை முன்னால் நீட்டி, ஷட்டிலை இறகு நுனியில் இரு விரல்களால் பிடித்திருக்கிறார். அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 2018இல் வந்த இந்த விதிக்கு முன், கடைசி விலா எலும்பின் மட்டத்துக்குக் கீழே என்பதே அளவாக இருந்தது. உயரமான ஆட்டக்காரருக்கு அது சாதகமாக இருந்தது. சர்வைக் கண்காணிக்கும் நடுவரான சர்வீஸ் ஜட்ஜின் கண் கணிப்பு ஆளுக்கு ஆள் மாறுவதும் தவிர்க்க முடியாததாக இருந்தது. இப்போது அவர் முன்னால் 1.15 மீட்டர் உயரத்தைக் காட்டும் கருவி நிற்கிறது. வலையோ அதைவிட ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் மேலே. ஆகவே ஷட்டில் எழும்பியே தீர வேண்டும். வலையைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கவும் வேண்டும். கொஞ்சம் கூடுதலாக எழும்பினாலும், எதிரே கோட்டருகே மட்டையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பவர் முன்னே பாய்ந்து கில் அடித்துவிடுவார். அவர் அப்படி முன்னால் சாய்ந்து நிற்பதைத் தண்டிக்கத்தான் ஃபிளிக் சர்வ் இருக்கிறது: அதே நிலை, அதே தொடக்க அசைவு, கடைசி நொடியில் மணிக்கட்டும் விரல்களும் சுண்ட, ஷட்டில் அவர் தலைக்கு மேல் பின்கோட்டை நோக்கிப் போய்விடுகிறது. ஷட்டிலைச் சுழற்றிவிட்டு அடிக்கும் ஸ்பின் சர்வ் 2023இல் சில காலம் பேசப்பட்டது. திருப்பி அடிப்பவர் செய்வதற்கு ஏதுமில்லாத அளவுக்கு அது தடுமாறச் செய்ததால் உலகப் பேட்மிண்டன் கூட்டமைப்பு அதே ஆண்டு அதைத் தடை செய்தது. அது சரியான முடிவு. சர்விலேயே புள்ளி முடிந்துவிட்டால் ஷட்டிலை மாறி மாறித் திருப்பி அடிக்கும், பேட்மிண்டனின் அழகான ராலிக்கே இடமிருக்காது.

இனி அடிகளுக்கு வருவோம். களத்தின் ஒரு பாதியைப் பின், நடு, முன் என மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பெயர்கள் தாமாகவே இடம் பிடித்து அமரும். பின்பகுதியில், தலைக்கு மேல் ஷட்டிலைச் சந்தித்து எதிர்ப் பின்கோட்டுக்கு அனுப்பினால் கிளியர். வலைக்கு அப்பால் மெல்ல இறக்கினால் டிராப். வேகமாகக் கீழ்நோக்கி அறைந்தால் ஸ்மாஷ். முன்பகுதியில், வலைக்குக் கீழே இறங்கிவிட்ட ஷட்டிலைப் பின்கோட்டுக்குத் தூக்கி விட்டால் லிஃப்ட்; வலையை ஒட்டி அப்படியே கடத்தினால் நெட் ஷாட்; வலைக்கு மேலேயே பிடித்துக் கீழே தட்டிவிட்டால் கில். நடுப்பகுதியில் வலை உயரத்தில் தட்டையாக ஓடுவது டிரைவ்; அதையே வேகமின்றி, இரு எதிராளிகளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் தள்ளினால் புஷ். வந்த ஸ்மாஷை வீச்சில்லாமல் மட்டையை வைத்து மட்டும் தடுத்து வலையோரத்தில் விழச் செய்தால் பிளாக்.

இப்போது கிளியருக்கும் லிஃப்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும். கிளியர் அடிப்பவர் பின்னால் நிற்கிறார். ஷட்டில் அவர் தலைக்கு மேல் இருந்தது. அவர் விரும்பியிருந்தால் ஸ்மாஷோ டிராப்போ அடித்திருக்கலாம். எதிராளி இந்த மூன்றையும் எதிர்பார்த்தே நிற்க வேண்டும். லிஃப்ட் அடிப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. ஷட்டில் வலைக்குக் கீழே போய்விட்டது, கீழ்நோக்கி அடிக்க வழியில்லை. தான் நிலைக்குத் திரும்ப நேரம் தேடுவதற்காக அதை உயரத் தூக்குகிறார், அதன் விலையாக எதிராளிக்குத் தாக்கும் வாய்ப்பைக் கொடுக்கிறார். பாதை ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்று சமநிலையில் எடுத்த முடிவு, மற்றொன்று பெரும்பாலும் நெருக்கடியில் எடுத்த முடிவு. பயிற்சியாளர் களத்தோரத்திலிருந்து ‘தூக்காதே’ என்று குரல் கொடுப்பது லிஃப்டைப் பற்றித்தான். அதைக் கிளியர் என்று புரிந்துகொண்ட பிள்ளை, பின்களத்தில் தனக்கிருக்கும் நல்ல ஆயுதமொன்றைக் காரணமின்றிக் கைவிட்டுவிடும். சொல் பிழையாகப் புரிந்தால் ஆட்டமே பிழையாகிவிடும் இடம் இது.

கிளியரிலும் இரு வகை உண்டு. மிக உயரமாகப் போவது தற்காப்புக் கிளியர்; எதிராளியின் மட்டை எட்டாத உயரத்தில், ஆனால் தட்டையாக, அவரைத் தாண்டிப் போவது தாக்கும் கிளியர். 2017ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் பி.வி. சிந்துவும் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். இரண்டாவது கேமை முடித்துவைத்த ராலி மட்டும் 73 அடிகள் நீண்டது. 19-21, 22-20, 20-22 என்று சிந்து தோற்ற அந்த ஆட்டத்தை இந்தச் சொற்களோடு மறுபடி பார்ப்பது பயனுள்ள பாடம். ஸ்மாஷை மட்டும் எண்ணுபவருக்குப் புலப்படாத வேலை, எதிராளியைப் பின்மூலைக்கும் முன்மூலைக்குமாக மாறி மாறி இழுக்கும் கிளியரிலும் டிராப்பிலும் லிஃப்டிலும் நடந்துகொண்டிருந்தது அப்போது தெரியவரும்.

வலையோர ஆட்டத்தின் நுட்பமான சொல் டம்பிளிங் நெட் ஷாட். ஷட்டிலின் தலையை மட்டை நரம்புகள் நேராகத் தட்டாமல் பக்கவாட்டில் உரசிவிட்டால், ஷட்டில் குட்டிக்கரணம் போட்டபடி வலையைத் தாண்டும். இறகுகள் முன்னால் இருக்கும் நேரத்தில் அதை அடித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே எதிராளி அதன் தலை மறுபடி கீழ்நோக்கித் திரும்பும் வரை காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பில் ஷட்டில் மேலும் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். இனி அவருக்கு எஞ்சுவது உயரம் குறைந்த ஒரு லிஃப்ட்தான். அதைப் பிடித்து ஸ்மாஷ் அடிக்க முதலாமவர் தயாராக இருக்கிறார். வலையோரத்தில் ஒரு மெல்லிய உரசலால் பறித்த நேரம், இரண்டு அடிகள் கழித்துப் பின்களத்தில் பயன் தருகிறது.

ஸ்மாஷ் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எழும்பி அடித்தால் ஜம்ப் ஸ்மாஷ். முழு வலிமையைக் காட்டாமல் கோணத்தையும் இடத்தையும் நம்பி அடித்தால் ஹாஃப் ஸ்மாஷ். கவனிக்க வேண்டியது, அதற்குப் பதிலாக வரும் பிளாக்கை. ஸ்மாஷ் அடித்தவர் பின்கோட்டருகே, உடல் எடை முழுதையும் அடியில் செலுத்திய நிலையில் இருக்கிறார். பிளாக் ஆன ஷட்டிலோ வலையோரத்தில் விழுகிறது. ஒற்றையரில் வேகமான ஸ்மாஷ் தன்னை அடித்தவருக்கே நேரத்தைக் குறைத்துவிடும் என்பதால், சமநிலை இழக்கும் அளவுக்கு ஓங்கி அடிப்பதை நல்ல ஆட்டக்காரர்கள் தவிர்க்கிறார்கள்.

ஏமாற்று வித்தைகளுக்கும் தனிச் சொற்கள் உண்டு. மட்டையை ஸ்மாஷுக்கு வீசுவதுபோல் முழு வேகத்தில் வீசி, ஷட்டிலைச் சாய்வாக உரசி இறக்குவது ஸ்லைஸ். நம் ஆட்டக்காரர்கள் இதைக் கட் என்பார்கள். மட்டையை முன்கூட்டியே நீட்டி, எதிராளி அசையும் வரை அடியைத் தாமதப்படுத்துவது ஹோல்ட். தைவானின் தாய் சூ யிங்கின் ஆட்டத்தில் இவ்விரண்டையும் தாராளமாகக் காண முடிந்தது. அவர் மட்டை ஷட்டிலைத் தொடும் கடைசிக் கணம் வரை அடி டிராப்பா கிளியரா என்று எதிரே நின்றவரால் சொல்ல முடிந்ததில்லை. ஓர் அடியின் தொடக்கம் எத்தனை அடிகளுக்குப் பொதுவாக இருக்கிறதோ அத்தனைக்கு அது ஆபத்தானது.

பிடிகளும் கால் நகர்வும் இதே கணக்கில் சேர்பவை. ஃபோர்ஹேண்ட் பிடியில் மட்டையை ஒருவரோடு கைகுலுக்குவதுபோலப் பிடிக்க, கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் அமையும். பேக்ஹேண்ட் பிடியில் கட்டைவிரல் கைப்பிடியின் அகன்ற பக்கத்தில் நிமிர்ந்து தள்ளுகிறது. இடப் பின்மூலைக்கு வந்த ஷட்டிலை வலக்கையர் பேக்ஹேண்டில் எடுக்காமல், உடலைச் சாய்த்துத் தலையைச் சுற்றி ஃபோர்ஹேண்டிலேயே அடிப்பது ரவுண்ட் த ஹெட். கால்களில் முதலில் கற்க வேண்டியது ஸ்பிளிட் ஸ்டெப்: எதிராளியின் மட்டை ஷட்டிலைத் தொடும் கணத்தில் இரு கால்களையும் சற்று அகட்டிச் சிறு துள்ளலாக ஊன்றுவது. அந்த ஊன்றலின் உந்தம்தான் எந்தத் திசைக்கும் பாய உதவுகிறது. முன்காலை நீட்டி வலையோரம் எட்டுவது லஞ்ச். அடித்து முடித்து மீளும் நடு இடம் பேஸ். கால் நகர்வை விட்டுவிட்டு அடிகளை மட்டும் பழகும் வழக்கம் நம் திடல்களில் மிகுதி. நேரத்துக்குள் போய்ச் சேராதவருக்கு எந்த அடியும் உதவாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

இரட்டையரில் இரண்டு அமைப்புச் சொற்கள் போதும். இருவரும் பக்கவாட்டில் நிற்பது தற்காப்பு நிலை. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்பது தாக்குதல் நிலை. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு ராலியின் நடுவே மாறுவது ரொட்டேஷன். எப்போது மாற வேண்டும் என்பதற்கும் அடியின் பெயரே விடை தருகிறது: நாம் ஷட்டிலைத் தூக்கினால் பக்கவாட்டுக்குப் பிரிய வேண்டும், எதிராளிகள் தூக்கினால் முன்பின்னாகச் சேர வேண்டும். சாத்விக்சாய்ராஜ் பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிக்க, சிராக் ஷெட்டி வலையோரத்தில் தளர்ந்து வரும் பதில்களைப் பறிப்பது இந்தத் தாக்குதல் அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022இல் பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என வென்று இந்தியா ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியபோது, இரண்டாவது ஆட்டத்தை வென்றது இந்த இணைதான்.

நடுவர் வாயிலிருந்து வரும் சொற்கள் சிலவே. ஆட்டம் ‘லவ் ஆல், பிளே’ என்று தொடங்கும். லவ் என்றால் பூஜ்யம். சர்வ் செய்பவரின் புள்ளியே முதலில் சொல்லப்படும். சர்வ் கைமாறினால் ‘சர்வீஸ் ஓவர்’. ஒற்றையரில் சர்வ் செய்பவரின் புள்ளி இரட்டைப்படையானால் வலக் கட்டத்திலிருந்தும் ஒற்றைப்படையானால் இடக் கட்டத்திலிருந்தும் சர்வ். 2006 முதல் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி உண்டு. 21 எடுப்பவருக்குக் கேம், 20-20 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், 29-29 ஆனால் 30ஐ முதலில் தொடுபவர் வெல்வார். அதற்கு முந்தைய முறையில் சர்வ் செய்பவர் மட்டுமே புள்ளி பெற முடியும். இரட்டையரில் இரண்டாம் சர்வ் என்பதும் அப்போது இருந்தது.

ஃபால்ட் என்பது விதிமீறலால் புள்ளி இழப்பது. லெட் என்பது அந்த ராலியைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி ஆடுவது. டென்னிஸ் பழக்கத்தால் நம் தெருவாட்டங்களில் சர்வ் வலையை உரசிச் சென்றாலே லெட் என்று நிறுத்திவிடுகிறார்கள். பேட்மிண்டனில் அப்படி இல்லை: உரசிய ஷட்டில் சரியான கட்டத்துக்குள் விழுமானால் ஆட்டம் தொடர்கிறது. ராலியின் நடுவில் ஷட்டில் வலையின் மேல் சிக்கி நின்றால் லெட். சர்விலேயே அப்படிச் சிக்கினால் ஃபால்ட். வலையை உடலோ மட்டையோ தொடுவதும், ஷட்டில் வலையைத் தாண்டும் முன் அந்தப் பக்கம் எட்டி அடிப்பதும் ஃபால்ட்.

அடியின் பெயர் களத்தின் அளவையும் அடிப்பவரின் நிலையையும் சார்ந்தது என்பதைப் பாரா பேட்மிண்டனில் தெளிவாகக் காணலாம். அங்கே ஆட்டக்காரர்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள்: சக்கர நாற்காலியில் ஆடுவோர் டபிள்யூ.எச். 1, 2; காலில் குறைபாடுள்ளோர் எஸ்.எல். 3, 4, கையில் குறைபாடுள்ளோர் எஸ்.யு. 5, உயரம் குறைந்தோர் எஸ்.எச். 6. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றது எஸ்.யு. 5 ஒற்றையரில், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம் வென்றது எஸ்.எச். 6 ஒற்றையரில். இந்த இரு வகுப்புகளுக்கும் முழுக் களம். எஸ்.எல். 3 ஒற்றையரில் நீளவாக்கில் பாதிக் களமே பயன்படுவதால், மூலைக்கு மூலை போகும் குறுக்கடி ஏறக்குறைய மறைந்து, முன்னும் பின்னும் இழுக்கும் கிளியரும் டிராப்பும் ஆட்டத்தைச் சுமக்கின்றன. சக்கர நாற்காலி ஆட்டத்தில் வலைக்கும் ஷார்ட் சர்வீஸ் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி களத்துக்கு வெளியே என்பதால், வலையை ஒட்டி விழும் நெட் ஷாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. டிராப் என்றால் அந்தக் கோட்டைச் சற்றே தாண்டி விழுவது என்று பொருள் கொள்ள வேண்டும்; அமர்ந்த நிலையில் ஷட்டிலைச் சந்திக்கும் உயரமும் தாழ்ந்துவிடுவதால், நின்று ஆடுபவர் ஸ்மாஷ் அடிக்கும் ஷட்டிலைக்கூட அங்கே பல நேரம் கிளியராகவே திருப்ப வேண்டியிருக்கிறது.